பக்கத்து வேர்

ஆஷ் க்ரீக் பண்ணை, வயோமிங்
18 மே 1958

அன்புத் தம்பி ஓரினுக்கு,

அக்கா வெர்னா எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குப் பிறகு நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா? மினியாபொலிஸில் குளிர் விட்டதா? இங்கே போன வாரம்தான் கடைசிப் பனி கொட்டி, பதினோரு குட்டிகளைக் கொண்டுபோயிற்று. மற்றபடி இந்த வருஷம் ஆடுகள் ஈன்று முடித்ததில் பெரிய குறையில்லை.

இந்த உறைக்குள் செய்தித்தாளில் மடித்து ஒரு செடி வைத்திருக்கிறேன். நாம் தூரிகைப்பூ என்று சொல்வோமே, அதுதான் என்று நினைக்கிறேன். வெறுமனே நினைத்தால் போதாது, இதைக் குடிக்கக் கொடுக்கவேண்டியிருக்கிறது. உன் அத்தான் கிளீட்டுக்குக் குளிர்காலம் முழுக்க மூட்டுவலி. கை விரல்களை மடக்க முடியவில்லை. கம்பளி கத்தரிக்க ஆட்கள் வந்தபோது, கத்தரியைப் பிடிக்க முடியாமல் வேலியோரம் நின்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நம் மந்தையை மேய்க்கும் பாத்தீஸ்ட் ஒரு வைத்தியம் சொன்னார். "இந்தச் செவப்புப் பூவக் காயவச்சு, காப்பி மாதிரிக் கொதிக்கவிட்டுக் குடும்மா. எங்க அப்பனுக்கு இதுலதான் கேட்டுச்சு."

"உங்கப்பன் எத்தன வயசுல செத்தாரு?" என்று கேட்டார் கிளீட்.

"நாப்பத்திரெண்டு. ஆனா மூட்டு கடைசிவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

பல நாள் கழித்து இந்த வீட்டில் நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான். நீ செடிகளோடு வாழ்கிறவன். இது எந்த வகை, குடிக்கலாமா கூடாதா என்று பார்த்து எழுது.

கிளீட் இதே அறையில்தான் இருக்கிறார். ஓரினுக்கு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
வெர்னா


மினியாபொலிஸ்
27 மே 1958

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதமும் செடியும் வந்தன. நான் நன்றாக இருக்கிறேன். உனக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

செடியை நீரில் ஊறவைத்துப் பிரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். தூரிகைப்பூதான். நம் பக்கத்துச் சேஜ் புதர்க்காட்டில் வளரும் குறுகிய இலை வகை. சிவப்பாக இருப்பதை எல்லோரும் பூ என்கிறார்கள். அது பூ இல்லை, நிறம் மாறிய இலை. அதை ஒதுக்கிப் பார்த்தால் உள்ளே பச்சையாக, பறவை அலகு மாதிரி ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் உண்மையான பூ. கீழ் இலைகள் பிரியாமல் நூல் போல இருக்கின்றனவா, மேல் இலைகள் மூன்றாகக் கிளைக்கின்றனவா, தண்டைத் தடவினால் சொரசொரவென்று முடி தட்டுகிறதா என்று பார். மூன்றும் இருந்தால் இதே செடிதான். சந்தேகம் இருந்தால் பறிக்காதே.

கெடுதல் இல்லை. சின்ன வயதில் இந்தக் குழலைப் பிடுங்கித் தேன் உறிஞ்சியிருக்கிறோம். மூட்டுவலிக்குக் கேட்குமா என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு கோப்பைக்கு மேல் வேண்டாம்.

இங்கே வேலை வழக்கம்போல. பல்கலைக்கழகத்துக்கு வந்து சேரும் காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பெயர் எழுதி இழுப்பறையில் வைக்கிறேன். அமைதியான அறை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
ஓரின்


ஆஷ் க்ரீக்
10 ஜூன் 1958

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பது அறிந்து நிம்மதி. என் முதுகு இருக்கிறது, அதனால் வலிக்கிறது. அதை விடு.

கேட்டால் நம்பமாட்டாய். பன்னிரண்டாம் நாள் கிளீட் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இரண்டு வேளையும் ஒவ்வொரு கோப்பை குடிக்கிறார். நீ ஒன்று என்று எழுதியதைச் சொன்னேன். "ஓரின் எப்பவும் அளந்துதான் கொடுப்பான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சிரிக்காதே. சாயங்காலம் அந்தக் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தால், குடித்து முடிக்கும்வரை என்னோடு பேசுகிறார். மேய்ச்சலைப் பற்றி, அவர் அம்மாவைப் பற்றி, சின்ன வயதில் திருடிய ஒரு சேணத்தைப் பற்றி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அந்தச் சேணத்தைப் பற்றி எனக்குத் தெரியாது.

சரி, கேட்கவந்தது இதுதான். பூ பறிக்க ஒவ்வொரு முறையும் இரண்டு மைல் நடக்கவேண்டியிருக்கிறது. சமையலறைக் கதவருகில் பாத்தி வெட்டி, ஆறு செடிகளை வேரோடு தோண்டிவந்து நட்டேன். நல்ல எரு, காலையும் மாலையும் தண்ணீர். நாலே நாளில் ஆறும் செத்துவிட்டன. "ஆட்டுக்குட்டியக்கூட நீ இப்படிப் பாத்ததில்ல" என்று கிளீட் கேலி செய்கிறார். எப்படி வளர்ப்பது?

உன் அக்கா
வெர்னா


மினியாபொலிஸ்
17 ஜூன் 1958

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்கவேண்டும்.

உன் கவனிப்பில் குறை இல்லை. அந்தச் செடியைத் தனியாக நட்டால் சாகும், அவ்வளவுதான். தூரிகைப்பூவின் வேர் தானாக முழுசாகச் சம்பாதிக்காது. மண்ணுக்குள் பக்கத்துச் செடியின் வேரைத் தேடிப்போய் ஒட்டி, அதிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். புல், சேஜ் புதர், எது பக்கத்தில் இருந்தாலும் சரி. நீ தோண்டியபோது அந்தப் பிடிப்பு அறுந்துபோயிருக்கும்.

விதையிலிருந்துதான் வளர்க்கவேண்டும். ஆகஸ்டில் காய் பழுப்பாகி வெடிக்கும்போது காகிதப் பையைக் கவிழ்த்து உதறு. விதை தூசி மாதிரி இருக்கும். ஈர மணலில் கலந்து, குளிர்காலம் முழுக்க வெளியில் வைத்துவிடு. குளிர் படாமல் முளைக்காது. வசந்தத்தில் சேஜ் நாற்று ஒன்றின் காலடியிலேயே தூவு. முதல் வருஷம் விரல்நீளம்கூட வராது. பூக்க இரண்டாம் வருஷம் ஆகும். எரு போடாதே.

இங்கே எட்டுத் தொட்டிகளில் நானும் போட்டிருக்கிறேன். மூன்று பிழைத்திருக்கின்றன. அந்த அளவு நாற்றைப் பிரித்து நட இரண்டு கையிலும் முழு விரல்கள் வேண்டும். எனக்கு இடது கையில் இரண்டுதான் மிச்சம் என்பதால் மெதுவாகத்தான் நடக்கிறது.

தம்பி
ஓரின்


ஆஷ் க்ரீக்
3 ஜூலை 1958

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தின் கடைசி வரியை நான் கிளீட்டுக்குப் படித்துக் காட்டவில்லை. ஆனால் கடிதத்தை மேசைமேல் வைத்திருந்தேன். அவரே எடுத்துப் படித்திருக்கிறார். அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே மழையே இல்லை. ஓடை நூல்போல் ஓடுகிறது. கீழ்ப் புல்வெளியில் தூரிகைப்பூ எல்லாம் ஜூன் பாதியிலேயே கருகிவிட்டது. கிளீட்டுக்குப் பூத்தேநீர் இல்லாமல் மறுபடி வலி வந்தது. தேடிப்போனபோது, மேலே சாம்பல் களிப்பாறைச் சரிவில் மட்டும் இன்னும் செக்கச்செவேல் என்று நிற்கிறது. நீ சொன்ன மூன்றையும் பார்த்தேன். இலை, கிளை, முடி எல்லாம் சரி, அதே செடிதான். ஒரு மாவுச் சாக்கு நிறையப் பறித்துவந்து காயவைத்தேன். இப்போது நாளைக்கு நாலு கோப்பை குடிக்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். ஒரு வாரமாக அவர் உடம்பு சரியில்லை. தலையணையில் முடி கொத்துக்கொத்தாகக் கிடக்கிறது. கட்டைவிரல் நகத்தில் வெள்ளைக் கோடு விழுந்து, அடியிலிருந்து கழன்று வருகிறது. சாப்பிட்டது வயிற்றில் தங்குவதில்லை. மூச்சில் பூண்டு வாடை. வீட்டில் பூண்டே இல்லை ஓரின், நான் வாங்குவதில்லை. வெயிலா, வயதா, தேநீரா? சரிவில் பறித்ததில் ஒரு செடி இத்துடன் வைத்திருக்கிறேன். அதன் வேரோடு பின்னிக்கொண்டு வேறொன்றும் வந்துவிட்டது. பட்டாணி மாதிரிக் காய்க்குமே, மழை பெய்தால் நாறுமே, அது.

கொஞ்சநாள் நிறுத்திப் பார்ப்போமா என்று கேட்டேன். "ஓரின்கிட்டக் கேளு. அவன் வேணாம்னா நிறுத்திடுறேன். அதுவரைக்கும் குடிக்கிறேன். இது இல்லாட்டி என்னால எந்திரிக்கவே முடியல" என்றார். அப்புறம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அவன் கை எப்படி இருக்குன்னும் கேட்டு எழுது" என்றார்.

ஒன்பது வருஷத்தில் முதல்முறையாகக் கேட்கிறார். அந்தப் பனிப்புயலில், மேய்ப்பவர்கள் அடுப்பு வைத்துத் தங்கும் வண்டியில் உன்னை விட்டுவிட்டு ஆடுகளை முதலில் ஓட்டிவந்தாரே, உன் விரல்கள் உறைந்து போயினவே, அதைப் பற்றி இந்த வீட்டில் ஒரு வார்த்தையும் பேசப்பட்டதில்லை. உனக்குத் தெரியும்.

நாளைக்கு விடுமுறை, தபால் வண்டி வராது, இன்றைக்கே டவுனில் போய்ச் சேர்த்துவிடுகிறேன். உடனே எழுது.

உன் அக்கா
வெர்னா


ஆஷ் க்ரீக்
20 ஜூலை 1958

தம்பிக்கு,

நீ நலம்தானே? என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டை வந்தது, நன்றி. பூவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதை அனுப்பும்போது என் கடிதம் உனக்கு வந்திருக்காது போல.

செவ்வாயும் வெள்ளியும் தபால்பெட்டிவரை போய்வருகிறேன். மூன்று மைல். நான் திரும்பிவரும்போது கிளீட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் ஒன்றும் இல்லை என்பதைத் தூரத்திலேயே பார்த்துவிடுவார். "எழுதுவான். அவன் அரைகுறையா எழுத மாட்டான், புஸ்தகத்தைப் பாத்துட்டுத்தான் எழுதுவான்" என்கிறார்.

ஐந்து நகங்கள் போய்விட்டன. டவுனில் டாக்டர் ஆம்டாலிடம் காட்டினோம். ஈரல் வீங்கியிருக்கிறது, குடியை நிறுத்தச் சொன்னார். கிளீட் விஸ்கியைத் தொட்டு நாலு வருஷம் ஆகிறது. தேநீரைப் பற்றிச் சொன்னேன். "பூவெல்லாம் ஒண்ணும் பண்ணாதும்மா" என்றார்.

எழுது.

வெர்னா


மினியாபொலிஸ்
4 ஆகஸ்ட் 1958

அக்கா,

தேநீரை உடனே நிறுத்து. ஒரு துளிகூடக் கொடுக்காதே. காயவைத்ததை எரிக்காமல் ஆழமாகக் குழிதோண்டிப் புதை. கிளீட்டை டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், 'செலினியம்' என்ற சொல்லை எழுதிக் காட்டு.

களிப்பாறை மண்ணில் அந்த விஷம் உண்டு. நீ அனுப்பிய நாறும் பட்டாணிச்செடி அதை மண்ணிலிருந்து இழுத்துத் தன்னில் சேர்த்துவைக்கும். தூரிகைப்பூ பக்கத்து வேரிலிருந்து குடிக்கிறது. பக்கத்தில் இருப்பது என்ன வைத்திருக்கிறதோ அது இதற்குள்ளும் வரும். புல்வெளியில் நின்றதும் சரிவில் நிற்பதும் ஒரே வகைதான், நீ சரியாகத்தான் அடையாளம் பார்த்தாய். பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. இதை நான் ஜூனிலேயே உனக்கு எழுதியிருக்கவேண்டும். அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அப்பாவின் குதிரைகளுக்குப் பிடரிமயிர் உதிர்ந்து குளம்பு கழன்று விழுந்ததே, அதே நோய்தான் இது.

ஜூலை முதல் தேதியிலிருந்து செடி சேகரிக்க மலைப்பக்கம் போயிருந்தேன். திரும்பிவந்துதான் உன் கடிதங்களைப் பார்த்தேன். அதனால்தான் தாமதம்.

ஓரின்


ஆஷ் க்ரீக்
24 ஆகஸ்ட் 1958

தம்பிக்கு,

உன் கடிதம் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. தபால்பெட்டி அருகிலேயே நின்று படித்தேன். வீடு வந்ததும் அடுப்பிலிருந்த பாத்திரத்தை அப்படியே வெளியே கொட்டினேன். சனிக்கிழமை பாத்தீஸ்ட் லாரியைக் கொண்டுவந்து, நாங்கள் இருவரும் அவரைத் தூக்கிப் படுக்கவைத்துக் கூட்டிப்போனோம். ஆஸ்பத்திரியில் செலினியம் என்று எழுதிக் காட்டினேன். அங்கிருந்த இளம் டாக்டர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு ஓடினார். திங்கட்கிழமை காலை கிளீட் இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பாத்தியா, எழுதிட்டான்" என்றார். அவர் பேசியதில் எனக்குப் புரிந்த கடைசிப் பேச்சு அதுதான்.

புதைக்கிற அன்று காற்று பலமாக இருந்தது. எட்டுப் பேர் வந்திருந்தார்கள். யாரோ வறுத்த கோழியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்தார்கள். நாலு நாள் அதையே சாப்பிட்டேன்.

நாளைக்கு நாலு முறை, ஐம்பது நாள். கிட்டத்தட்ட இருநூறு கோப்பை, எல்லாம் என் கையால் கொடுத்தது. கணக்குப் போடக்கூடாது என்று பாத்தீஸ்ட் சொல்கிறார். தன்னால்தான் என்று அவரும் கொட்டகையில் உட்கார்ந்து அழுகிறார். நீ படித்தவன், சொல். நான்தான் அவரைக் கொன்றேனா?

வெர்னா


மினியாபொலிஸ்
6 செப்டம்பர் 1958

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? தனியாக இருக்காதே.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. நோயாளிக்கு நல்லது என்று நம்பிக் கொடுத்தாய், கொடுக்கும் முன் கேட்டாய், செடியைச் சரியாக அடையாளம் பார்த்தாய். ஈரல் முன்பே கெட்டிருந்திருக்கலாம். தேநீர்தான் காரணம் என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. கிணற்றுத் தண்ணீரிலும் அந்த உப்பு இருந்திருக்கலாம். ஒரு புட்டியில் அனுப்பு, சோதிக்கச் சொல்கிறேன். பாத்தீஸ்ட்டையும் அழவேண்டாம் என்று சொல்.

சேஜ் நாற்றோடு போட்ட மூன்று தொட்டிகளும் நன்றாக இருக்கின்றன.

தம்பி
ஓரின்


ஆஷ் க்ரீக்
19 செப்டம்பர் 1958

ஓரின்,

தண்ணீர் அனுப்பவில்லை. அதே தண்ணீரைத்தான் நானும் குடிக்கிறேன், என் நகம் நன்றாக இருக்கிறது.

இன்று அலமாரியைத் துடைத்தேன். உன் பிறந்தநாள் அட்டை உறையோடு இருந்தது. மினியாபொலிஸ் தபால் முத்திரை, ஜூலை 14.

என் கடிதத்தை நீ எந்தத் தேதியில் பிரித்தாய்?

வெர்னா


மினியாபொலிஸ்
12 அக்டோபர் 1958

அக்கா,

ஜூலை எட்டு, செவ்வாய்க்கிழமை மதியம்.

நான் மலைக்குப் போகவில்லை. இந்த அறையை விட்டு எங்கும் போகவில்லை. உன் கடிதத்தை என் மேசையில் வைத்துப் பிரித்தேன். பூண்டு வாடை என்று நீ எழுதியிருந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பொட்டலத்தைப் பிரித்துப் பட்டாணிச்செடியைப் பார்க்கவேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

தாளை எடுத்து, 'அக்கா, உடனே நிறுத்து' என்று எழுதினேன். பிறகு உன் கடிதத்தை மறுபடி படித்தேன். என் கை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டிருந்த இடம் வந்தது. அந்த வரி மட்டும் இல்லாதிருந்தால் அன்றைக்கே தபாலில் போட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஒன்பது வருஷம் கழித்து, தன் விரல் மடங்கவில்லை என்றபிறகு, என் விரல்களின் ஞாபகம் வந்திருக்கிறது அவருக்கு. மூன்று நாள் அந்த வண்டியில் கிடந்தேன் அக்கா. உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. முதல் நாள் விறகு தீர்ந்தது. இரண்டாம் நாள் பெஞ்சை உடைத்து எரித்தேன். ஒவ்வொரு சத்தத்துக்கும், கிளீட் வந்துவிட்டார் என்று எழுந்து உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் வந்து கதவைத் திறந்து, "மந்த பொழச்சுக்கிச்சு" என்றார். அதைத்தான் முதலில் சொன்னார்.

அதனால், அவரும் ஒரு நாள் காத்திருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு நாள். எழுதிய தாளை இழுப்பறையில் வைத்தேன். மறுநாள் எடுக்கவில்லை. அதற்கும் மறுநாள், இரண்டு நாள் தாமதித்ததற்கு என்ன காரணம் எழுதுவது என்று யோசித்தேன். ஒரு வாரம் ஆனபின் காரணம் சொல்லவே முடியாது என்றாகிவிட்டது. உனக்குப் பிறந்தநாள் அட்டை வாங்கி எழுதி அனுப்பினேன், அதே மேசையிலிருந்து. நீ ஜூலை இருபதில் எழுதியது வந்தபிறகும் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. நான் வீட்டுக்கு நடந்துபோகும் வழியில்தான் தந்தி அலுவலகம். ஒவ்வொரு நாளும் அதன் வாசலைத் தாண்டித்தான் போனேன்.

அவர் சாகவேண்டும் என்று நினைத்தேனா? இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என்னால் எழுத முடியவில்லை.

நீ கேட்டாயே, நீ கொன்றாயா என்று. இல்லை. இந்தத் தடவை இது பொய் இல்லை.

ஓரின்


ஆஷ் க்ரீக்
8 பிப்ரவரி 1959

ஓரின்,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்து நாலு மாசம் ஆகப்போகிறது. முதல் மாசம் உனக்கு எழுத நினைத்ததையெல்லாம் எழுதியிருந்தால் தாள் எரிந்திருக்கும். ஷெரிஃபிடம் கொண்டுபோய்க் காட்டலாமா என்றுகூட ஒரு நாள் லாரியை எடுத்தேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். பயந்தல்ல. அவரிடம் போய் நின்றால் என் பங்கையும் சொல்லவேண்டியிருக்கும் என்பதால்.

அதை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குதிரைகளைப் பற்றி நீ எழுதித்தான் எனக்கு ஞாபகம் வந்தது என்று நினைத்திருப்பாய். அப்படியில்லை. கிளீட்டின் நகம் கழன்ற அன்றைக்கே எனக்கு அப்பாவின் குதிரைகள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. அந்தச் சரிவுக்குக் கீழே குதிரை கட்டக்கூடாது என்று எத்தனை முறை அப்பா நம்மை அதட்டியிருக்கிறார். நீ சின்னப் பையன், உனக்கு அவ்வளவு தெரிந்திருக்காது. குளம்பு கழன்ற குதிரையை அவர் சுட்டபோது நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதெல்லாம் தெரிந்தேதான் உனக்குக் கேள்வி எழுதினேன்.

தேநீரை நிறுத்த எனக்கு உன் கடிதம் தேவையில்லை. அடுப்பு என்னுடையது, பாத்திரம் என்னுடையது. உன்னிடமிருந்து பதில் வராதவரை, வேறு ஏதோ நோய் என்று வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். தபால்பெட்டிக்குப் போகும்போதெல்லாம் உன் கடிதம் இருக்கவேண்டும் என்று நினைத்துத்தான் கிளம்புவேன். பெட்டி காலியாக இருந்தால் மனசு லேசாகிவிடும். இதை நான் யாரிடம் சொல்வது?

ஏன் என்று கேட்பாய். கோப்பையைக் கொண்டுபோனால் அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் கொடுப்பார். அவ்வளவுதான் காரணம். அந்தப் பத்து வாரம்போல நான் யாரோடும் வாழ்ந்ததில்லை. ஜூலைக் கடைசியில் ஒரு நாள் கோப்பை கொண்டுபோகாமல் இருந்து பார்த்தேன். வலியில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். மறுநாள் மறுபடி அடுப்பை மூட்டினேன்.

உனக்கு அவர்மேல் கோபம். எனக்கு அவர்மேல் ஆசை. இரண்டுக்கும் நடுவில் கிடந்து செத்தார். எது பெரிய குற்றம் என்று நிறுத்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

அந்தப் பனிப்புயலைப் பற்றி அவர் என்னிடம் என்ன சொன்னார் என்று நீ தெரிந்துகொள்ள நினைக்கலாம். ஒன்றும் சொல்லவில்லை. சேணம் திருடிய கதையைச் சொன்ன மனுஷன் அதை மட்டும் கடைசிவரை சொல்லவே இல்லை. நல்லதாக ஏதாவது சேர்த்து எழுதலாம் என்று பார்த்தேன். நமக்குள் இனிமேல் அது வேண்டாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். இருநூற்றுப் பத்து ஆடுகள் சினையாக இருக்கின்றன. ஏப்ரல் பத்துக்கு மேல் ஈனத் தொடங்கும். பாத்தீஸ்ட் நவம்பரிலேயே தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். "என்னால இந்தச் சமையலறைக்குள்ள வர முடியலம்மா" என்றார், நானும் தடுக்கவில்லை. கூலிக்கு ஆள் கிடைப்பதும் இல்லை, வந்தவனும் தங்குவதில்லை. எனக்கு ஓர் ஆள் வேண்டும்.

நீ வா. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றும் நினைக்காதே. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே கொட்டகையில் இரண்டு பேர் வேலை செய்யலாம். கிளீட்டோடு நான் பல வருஷம் செய்திருக்கிறேன். ஆனால் இந்த விஷயம் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் நாம் இரண்டு பேர்தான். நீ அங்கே அதோடு தனியாக இருப்பதும், நான் இங்கே அதோடு தனியாக இருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

வரவேண்டாம் என்று தோன்றினாலும் தப்பில்லை. அப்படியானால் பதில் எழுதவேண்டாம். இனி என்னால் பதிலுக்குக் காத்திருக்க முடியாது.

பஸ் ஏப்ரல் ஏழு, செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சாலைமுனையில் நிற்கும். நான் லாரியோடு வருவேன். பஸ் கிளம்பிப்போகும்வரை நிற்பேன். அதற்குப் பிறகு வீட்டில் வேலை இருக்கிறது.

கனமான கோட்டு எடுத்து வா. ஏப்ரலிலும் இங்கே பனி விழும்.

வெர்னா